அணைக்கக் கூடாத பெட்டி

மேடம், அந்த மனுவைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் எழுதியிருப்பது பொய். என் மனைவி ஆக்ஸிஜன் மிஷினில் இல்லை. மூச்செல்லாம் நன்றாகத்தான் விடுகிறாள்.

கோபப்படாதீர்கள். வாசலில் நின்று எழுதிக்கொண்டிருந்தபோது உங்கள் லைன்மேன் இசக்கிமுத்து, "காரணம் பலமா இருக்கணும் அண்ணாச்சி, கல்யாணம் காதுகுத்துன்னா மேடம் கேக்க மாட்டாங்க" என்றார். நான் பலமாக எழுதிவிட்டேன். அவர் மேல் தப்பில்லை. நீங்கள் படித்துவிட்டு என்னைத் திட்டியிருந்தால்கூடப் பேசாமல் நின்றிருப்பேன். நீங்களோ உடனே போனை எடுத்து, வீட்டில் ஒரு பேஷண்ட் இருக்கிறார்கள், நாளைக்கு அவர்களை எங்கே வைத்துப் பார்க்கலாம் என்று யாரிடமோ விசாரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். அப்போதுதான் எனக்குக் கூசிப்போய்விட்டது.

உண்மையைச் சொல்கிறேன். உட்காரலாமா? நைட் டூட்டி முடிந்து நேராக வருகிறேன், கால் நிற்க மாட்டேன் என்கிறது. கண் சிவந்திருப்பது அதனால்தான். வேறு பழக்கம் எதுவும் எனக்குக் கிடையாது.

என் பெயர் கிரகோரி. துறைமுக ரோட்டில் எடைமேடை இருக்கிறது இல்லையா, உப்பு லாரி ஏறுகிற இடம், அங்கே ராத்திரி ஆபரேட்டர். பத்தொன்பது வருஷம். லாரி வரும், மேடையில் ஏறும், முள் நிற்கும், சீட்டு கிழிப்பேன். லாரி போய்விடும். பகலில் தூங்குவேன். ஊர் முழிக்கிறபோது தூங்கி, ஊர் தூங்குகிறபோது முழித்து, எனக்கு மனிதர்களிடம் எப்படிப் பேசுவது என்பதே மறந்துபோய்விட்டது. அதனால் கொஞ்சம் சுற்றி வளைப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு எங்கள் தெருவில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு. பேப்பரில் பார்த்தேன், போனிலும் மெசேஜ் வந்தது. அதை எங்கள் தெருவுக்கு மட்டும் தள்ளிவைக்க வேண்டும். அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் தள்ளினால்கூடப் போதும். ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒரு பெட்டி இருபத்தாறு நாளாக அணையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அணைத்தால் என் குடும்பம் முடிந்தது.

அது ஒரு வீடியோ கேம் மேடம்.

இசக்கிமுத்து சிரிக்கிறார். சிரிக்கட்டும். "சின்னப் பிள்ளையா வேய் நீரு?" என்று முணுமுணுக்கிறாரே, எனக்குக் கேட்கிறது. நாற்பத்தாறு வயது இசக்கிமுத்து. என் மனைவிக்கு நாற்பத்து மூன்று. விளையாடுவது நான் இல்லை, அவள்.

இருபத்தாறு நாளில் எங்கள் தெருவில் ஒரு கண்சிமிட்டு நேரம்கூடக் கரண்ட் போகவில்லை. அதற்கு உங்கள் ஆபீசுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஒரே ஒரு நாள் வோல்டேஜ் இறங்கி ட்யூப்லைட் மங்கியது. அன்றைக்கு நான் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், நான் பிடித்தால் கரண்ட் போகாமல் இருக்குமா என்ன. ஸ்விட்ச் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறோம், யாரும் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்று. வீட்டில் இருக்கிற ஒரே டேபிள் ஃபேன் பெட்டிக்குத்தான் ஓடுகிறது. சூடாகிவிடும் இல்லையா. அவள் வியர்த்து ஒழுக உட்கார்ந்திருப்பாள், பெட்டிக்குக் காற்று.

அணைத்துவிட்டு மறுபடி போட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் கேசட்டுக்குள் பொட்டு அளவு ஒரு பேட்டரி இருக்கிறது. நாம் எதுவரை வந்திருக்கிறோம் என்பதை அதுதான் ஞாபகம் வைத்திருக்கும். முப்பது வருஷத்துப் பேட்டரி, செத்துப்போய்விட்டது. இப்போது பெட்டி ஓடுகிற வரைக்கும்தான் ஞாபகம். அணைத்தால் முதல் ஊரில், முதல் வீட்டில், முதல் கட்டிலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். பேட்டரி மாற்றலாம், ஆனால் அதற்கும் அணைக்க வேண்டும். முன்னாலேயே மாற்றியிருக்கலாம். அவள் இவ்வளவு தூரம் போவாள் என்று எனக்கு என்ன தெரியும்? அவள் கையில் அதை எடுப்பாள் என்றே தெரியாது.

என் கூட்டாளி ஜெரோன் என்று ஒருவன். அவன் அப்பா கப்பலில் சமையல்காரர். தொண்ணூற்றைந்தில் ஜப்பானில் ஒரு துறைமுகத்தில் இறங்கி, பழைய சாமான் கடையில் இந்தப் பெட்டியையும் ஒரே ஒரு கேசட்டையும் வாங்கி வந்தார். எல்லாம் ஜப்பான் எழுத்து. எனக்கும் ஜெரோனுக்கும் பதினாறு வயது. அந்த நாளில் நாங்கள் பார்த்த மற்ற கேசட் எல்லாம் சுடு, குதி, செத்துப்போ, மறுபடி முதலில் இருந்து. இது வேறு. இது நடக்கிற விளையாட்டு. நாலு பேர் சேர்ந்து ஊர் ஊராக நடக்கிறார்கள். ஒரு கத்திக்காரன், ஒரு வில்லுக்காரக் கிழவன், ஒரு திருட்டுப் பயல், ஒரு பெண். அந்தப் பெண் கையில் ஒரு புல்லாங்குழல். அவள் ஊதினால் அடிபட்டவனுக்குக் காயம் ஆறும்.

ஒரு எழுத்துத் தெரியாது எங்களுக்கு. பார்த்துப் பார்த்துப் பழகினோம். தூண்டில் முள் மாதிரி ஒரு எழுத்து வந்தால் அடி. ஏணி சாய்ந்த மாதிரி இருந்தால் ஓடு. இரண்டு முள்கரண்டி பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மருந்து. நோட்டுப் போட்டு எழுதிவைத்தோம். பத்தாம் வகுப்பில் எனக்கு இங்கிலீஷே ஏறவில்லை, இது ஏறியது.

முப்பது வருஷமாகியும் இது ஏன் இழுக்கிறது என்று எடைமேடையில் உட்கார்ந்து நிறைய யோசித்திருக்கிறேன். படம் அழகா என்றால், இல்லை. சதுரம் சதுரமாக மனிதர்கள். என் போனில் இதைவிட நல்ல படம் ஓடும். ஆனால் பாருங்கள், அதில் நீங்கள் ஒரு பூச்சியை அடித்தால்கூட, இவ்வளவு வளர்ந்தாய் என்று எண் போட்டுக் காட்டும். நூறு பூச்சி அடித்தால் ஒரு படி ஏறுவீர்கள், சின்னதாக ஒரு மேளம் அடிக்கும். பட்ட பாடு எதுவும் வீணாகப் போகாது. நான் பத்தொன்பது வருஷமாக லாரி நிறுக்கிறேன், எனக்கு எந்த மேளமும் அடித்தது கிடையாது. அப்புறம் அந்தச் சத்திரம். எந்த ஊர் போனாலும் ஒரு சத்திரம் இருக்கும். படுத்தால் திரை இருட்டும், நாலு சுரத்தில் ஒரு பாட்டு வரும், விடிந்தால் எல்லாருக்கும் எல்லாக் காயமும் ஆறியிருக்கும். அவ்வளவு அடிபட்டவன் எழுந்து நடப்பான். நாலே நாலு சுரம் மேடம். அந்தப் பாட்டை நான் டூட்டியில் வாய்க்குள் முனகுவேன். லாரிக்காரர்கள் இது என்ன கோவில் பாட்டு என்று கேட்பார்கள்.

எந்த வீட்டுக்குள்ளும் போகலாம், அதையும் சொல்ல வேண்டும். யாரும் நீ யார் என்று கேட்க மாட்டார்கள்.

எங்கே விட்டேன்? ஆமாம், மனைவி. அவள் பெயர் ஜெசிந்தா. அவள் என்னோடு பேசி பதினான்கு மாசம் ஆகிறது. சண்டை எல்லாம் இல்லை. சோறு வைப்பாள், சட்டை துவைப்பாள், பேச மாட்டாள். அது ஒரு வீட்டு விஷயம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மகள் கல்யாணத்தில் ஒரு மனத்தாங்கல். அது கிடக்கட்டும்.

பேசாத வீட்டில் பகலில் தூங்குவது கஷ்டம். வெளியே சத்தம் இருந்தால் தூங்கிவிடலாம், வீட்டுக்குள் சத்தம் இல்லை என்றால் தூங்க முடியாது. மிக்ஸி ஓடும், நிற்கும். குழாய் ஓடும், நிற்கும். இருபத்தாறு நாளைக்கு முன்னால் பரணில் இருந்து அந்தப் பெட்டியை இறக்கினேன். வேலை செய்யும் என்று நம்பிக்கையே இல்லை. கேசட்டின் அடியில் ஊதிவிட்டுச் செருகினேன், பாட்டு வந்துவிட்டது. அவள் அடுப்படி வாசலில் ஈரக்கையோடு நின்று பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அப்படியே கண் அசந்துவிட்டேன். முழித்துப் பார்த்தால் ரிமோட் என் கையில் இல்லை. தரையில் உட்கார்ந்து அவள் நடத்திக்கொண்டிருந்தாள். கத்திக்காரன் ஒரு சுவரில் முட்டிக்கொண்டு நின்றிருந்தான். என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"இதுல எப்படி வெளிய போறது?"

பதினான்கு மாசத்தில் முதல் வார்த்தை மேடம் அது. நான் எழுந்துகூட உட்காரவில்லை. எழுந்தால் நின்றுவிடுமோ என்று படுத்தபடியே சொன்னேன், கீழே, இடது பக்கம், பானைக்குப் பக்கத்தில் கதவு.

அன்றையில் இருந்து பேச்சு அதுதான். இடது பக்கம் போ. அந்த ஆளிடம் பேசு. இந்தக் குகை வேண்டாம், மருந்து குறைச்சலாக இருக்கிறது. பழைய நோட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். இரண்டே நாளில் என்னைவிட நன்றாகப் பழகிவிட்டாள். நான் டூட்டிக்குக் கிளம்பினால் வாசல் வரை வந்து, "அந்தப் பாலத்துப் பிசாசுக்கு என்ன போடணும்?" என்று கேட்பாள். அக்கம்பக்கத்தில் கேட்டால் எங்களுக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்று நினைப்பார்கள். ராத்திரி முழுக்க லாரி நிறுத்துக்கொண்டே, நெருப்பா பனியா என்று யோசிப்பேன். விடியக்காலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்வேன், பனி. அவள், "அது நேத்தே முடிஞ்சுட்டு" என்பாள்.

அந்தப் புல்லாங்குழல்காரியை அவள் பாப்பா என்றுதான் சொல்வாள். பாப்பாவை முன்னால் விடாதே, பாப்பாவுக்கு அடிபட்டிருக்கு, பாப்பாவுக்கு அந்தப் பச்சைச் சட்டையைப் போடு. எங்கள் மகளையும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். வாய்ப்பழக்கம்.

பத்தாவது நாளோ பதினொன்றாவது நாளோ, மலைமேல் ஒரு கோட்டை வருகிறது. அங்கே தாடி வைத்த ஒரு கிழவன். ராஜாவோ, அந்தப் பெண்ணுக்கு அப்பாவோ, எழுத்துப் படிக்கத் தெரியாமல் எப்படிச் சொல்வது. அவன் பேசுகிறான், நாலு பெட்டி எழுத்து. பேசிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்கிறான். பெண் தலையைக் குனிகிறாள். அப்புறம் மெதுவாக நடந்து திரையின் ஓரத்துக்குப் போகிறாள், இல்லாமல் ஆகிவிடுகிறாள். நாலு பேர் மூன்று பேர்.

ஜெசிந்தா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டாள். "அந்தக் கிழவன் என்னமோ சொல்லிட்டான்" என்றாள். நான் சொன்னேன், அப்படி இல்லை, அவளாகத்தான் போகிறாள், கதையே அப்படித்தான். "அவன் சொன்னதுக்குப் பெறகுதான் போறா" என்றாள். அவன் ராஜா, அவனுக்கு ஆயிரம் யோசனை இருக்கும், எல்லாத்தையும் சொல்லிக்கொண்டா இருப்பான் என்றேன். ஒரு விளையாட்டுக்கு ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்குகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், பாருங்கள், முகத்தைப் பார்த்து.

"அவ திரும்பி வருவாளா?"

வருவாள் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குத் தெரியாது மேடம். நானும் ஜெரோனும் அந்த இடம் வரைக்கும்தான் போனோம். அவளை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ஆறு மாசம் தேடினோம். அப்புறம் அவன் அப்பா இறந்தார், அவன் கப்பலுக்குப் போனான், பெட்டியை எனக்குக் கொடுத்துவிட்டான். தனியாகத் தேட எனக்கு மனசு வரவில்லை, பரணில் வைத்துவிட்டேன். போன வாரம் அவனுக்கு மெசேஜ் போட்டேன், டேய், அந்தப் பெண் திரும்பி வருகிறாளா என்று. ஏதோ கடலில் இருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி ஒரு படம் அனுப்பினான். அதற்கு என்ன அர்த்தம், சொல்லுங்கள்.

நெட்டில் பார்க்கலாமே என்கிறீர்கள். பார்த்தேன். எடைமேடையில் உட்கார்ந்து தேடினேன். உலகம் பூராவும் இதை இன்னும் விளையாடுகிறார்கள் மேடம், எங்கெங்கோ இருந்து எழுதியிருக்கிறார்கள், என் வயசுக்காரர்கள், என்னைவிடப் பெரியவர்கள். முழுக் கதையும் இருந்தது. அந்தக் கோட்டை வரைக்கும் விரலால் தள்ளிக்கொண்டே போனேன். அப்புறம் மூடிவிட்டேன். அவள் வர மாட்டாள் என்று அதில் எழுதியிருந்தால்? நான் வருவாள் என்று சொல்லிவிட்டேனே.

அன்றையில் இருந்து ஜெசிந்தா தேடுகிறாள். ஒவ்வொரு ஊருக்கும் மறுபடி போகிறாள். ஒவ்வொரு வீட்டிலும் நுழைகிறாள், ஒரு ஆளிடமும் பேசாமல் வர மாட்டாள். எல்லாச் சத்திரத்திலும் ஒரு தடவை படுத்து எழுந்திருக்கிறாள். பாப்பாவுடைய பச்சைச் சட்டையும் குழலும் பையில் இருக்கிறது, அதை விற்றால் கத்திக்காரனுக்கு நல்ல கேடயம் கிடைக்கும். அதை நான் சொன்னேன். "அவ வந்தா வேணும்லா" என்றாள்.

நேற்றுக் காலையில் நான் போனபோது கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லை. யாரும் போகாத ஒரு கடற்கரையில் ஒரு படகுக்காரன் இருக்கிறானாம். ஜெரோனும் நானும் அவனைக் கண்டதே கிடையாது. அவனிடம் ஏழு தடவை பேசியிருக்கிறாள். ஆறு தடவை ஒரே எழுத்து, ஏழாவது தடவை வேறு எழுத்து. அவன் படகைக் காட்டுகிறான். கடலுக்கு நடுவில் ஒரு தீவு தெரிகிறது. அங்கே போக மூன்று பேருக்கும் இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும். "மூணு நாள், நாலு நாள். அங்கதான் இருக்கா" என்றாள். சிரித்தாள் மேடம். எங்கள் வீட்டில் சிரிப்பு என்ற ஒன்று இருந்தது என்பதே எனக்கு மறந்திருந்தது.

அதே நேரத்தில் என் சட்டைப் பையில் போன் சத்தம் போட்டது. உங்கள் மெசேஜ். நாளை மறுநாள் மின்தடை.

அவளிடம் சொல்லவில்லை. பேப்பரை எடுத்து ஒளித்துவைத்தேன். அவளை எனக்குத் தெரியும். பெட்டி அணைந்தால் அவள் அழ மாட்டாள், மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கவும் மாட்டாள். ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். அப்புறம் மிக்ஸி ஓடும், நிற்கும். குழாய் ஓடும், நிற்கும். நான் சாகிற வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். என்னால் முடியாது மேடம். நிஜமாகவே முடியாது. நேற்று ராத்திரி எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்று ஹாரன் அடிக்கிறது, நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வெளியே நிற்கிறேன். டிரைவர் இறங்கி வந்து, "என்ன அண்ணாச்சி, உள்ள போங்க" என்று தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். எதற்கு வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அதை விடுங்கள்.

தள்ளிவைக்க முடியாதா?

புரிகிறது. டிரான்ஸ்பார்மர் வேலை, எங்கள் தெருவை மட்டும் விட முடியாது. கம்பத்தில் ஆள் ஏறுகிறபோது எங்கோ ஒரு வீட்டுக்காக லைனில் கரண்ட் விட்டால் மேலே இருக்கிறவன் உயிர் போகும். சரிதான். இசக்கிமுத்துதான் ஏறுவாரா? அப்படி என்றால் வேண்டாம். நான் அவ்வளவு மோசமான ஆள் இல்லை.

ஜெனரேட்டர் சரிப்படாது. பிளக்கைப் பிடுங்கி அதில் மாட்டுகிற நேரத்துக்குள் பெட்டி செத்துவிடும்.

என்ன சொல்கிறீர்கள்? பிடுங்காமலேயா? கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். அடாப்டரை அப்படியே விட்டுவிட்டு, அதில் இருந்து வருகிற ஒயரின் தோலை மட்டும் சீவி, பேட்டரியைப் பக்கத்தில் சேர்த்துவிடுவது. நடுவில் ஒரு டயோடு. கரண்ட் போகிற நிமிஷத்தில் பேட்டரி எடுத்துக்கொள்ளும், பெட்டிக்குத் தெரியவே தெரியாது. டிவி அணைந்தால் அணையட்டும், பெட்டிக்கு உயிர் இருந்தால் போதும். நடக்குமா? நடக்கும் என்கிறீர்கள். நீங்கள் இன்ஜினீயர், உங்களுக்குத் தெரியாதா. ஆனால் கை நடுங்கக் கூடாது, இரண்டு ஒயர் உரசினால் அதோடு முடிந்தது. மொபைல் கடைப் பையனைக் கேட்டால் கேரண்டி கிடையாது என்பான். எனக்கு லாரி நிறுக்கத்தான் தெரியும்.

தெரிந்தவர்கள் யாராவது என்றால், ஷைனி. ஷைனி செய்வாள். பத்து நிமிஷம் ஆகாது அவளுக்கு. எட்டாவது படிக்கும்போதே சுவர்க் கடிகாரத்தை நிற்கவிடாமல் பேட்டரி மாற்றுகிறேன் என்று ஒயர் போட்டு மாற்றிக் காட்டியவள். எலக்ட்ரானிக்ஸ்தான் படித்தாள். அவள் சால்டரிங் வைத்தால் பொட்டு வைத்த மாதிரி இருக்கும், ஒரு சொட்டு வழியாது.

என் மகள்தான் மேடம்.

இல்லை, வெளியூர் இல்லை. இங்கேதான், நாலு கிலோமீட்டர்.

அவளைக் கூப்பிட முடியாது. சொன்னேனே, அது வேறு விஷயம். அவள் கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டாள். நம்ம ஆட்கள் இல்லை. நான் ஒரு வார்த்தை திட்டவில்லை, அடிக்கவில்லை, ஊரைக் கூட்டவில்லை. மற்ற அப்பன்மார் என்னென்ன செய்கிறார்கள், நீங்களும் பேப்பரில் பார்க்கிறீர்கள். நான் செய்தது ஒன்றுதான். இரண்டு பேரும் பதிவு பண்ணிவிட்டு வாசலில் வந்து நின்றார்கள், நான் கதவைத் திறக்கவில்லை. அவ்வளவுதான். நைட் டூட்டி பார்த்துவிட்டுத் தூங்குகிற நேரம். பெல் அடித்தாள். ஜெசிந்தா எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். நான் படுக்கையில் இருந்தபடி, வந்து படு என்றேன். சத்தம்கூடப் போடவில்லை. பெல் பதினோரு தடவை அடித்தது. அப்புறம் நின்றுவிட்டது.

மறுநாள் மகள் சாமானை எல்லாம் இரண்டு சாக்கில் கட்டி ஆட்டோவில் அனுப்பிவிட்டேன். துணி, சர்டிபிகேட், அந்தச் சால்டரிங் அயர்ன், எல்லாம். ஒரு ஊசிகூட நான் வைத்துக்கொள்ளவில்லை. நியாயமாக நடந்துகொண்டேன். அதற்குப் போய் இவள் பதினான்கு மாசம் பேசவில்லை என்றால் நான் என்ன செய்வது?

என்ன மேடம், அப்படிப் பார்க்கிறீர்கள்.

நான் கூப்பிட்டால் அவள் எடுக்க மாட்டாள். எடுத்தாலும் என்ன சொல்வேன்? உன் அம்மா ஒரு விளையாட்டில் ஒரு பெண்ணைத் தேடுகிறாள், அதற்கு வந்து ஒயர் கட்டிக் கொடு என்றா? வீட்டுக்குள் வரவேண்டுமே அதற்கு. நீங்கள் பேசுகிறீர்களா? ஈ.பி. ஆபீஸில் இருந்து பேசுகிறோம், உங்கள் வீட்டில் ஒரு சின்ன வேலை என்று. நீங்கள் சொன்னால் கேட்பாள், உங்கள் வயசுதான் இருப்பாள், உங்களை மாதிரியேதான், இப்படித்தான் நெற்றியைச் சுருக்குவாள். நம்பர் எனக்கு மனப்பாடம். சொல்கிறேன், உங்கள் போனில் போடுங்கள்.

மாட்டீர்கள். சரி. நான்தான் பேச வேண்டும் என்கிறீர்கள்.

இசக்கிமுத்து, ஏன் இப்போது சிரிக்க மாட்டேன் என்கிறீர்? சிரியும். அதுவாவது இருக்கட்டும்.

கை பாருங்கள், ஈரமாக இருக்கிறது, போன் பூட்டுத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஆக்ஸிஜன் மிஷின் என்று துணிந்து எழுதிய கை இது. திறந்துவிட்டது. அவள் பெயரை நான் அழிக்கவில்லை, மேலேயே இருக்கிறது.

ரிங் போகிறது மேடம். நம்பரை மாற்றவில்லை அவள்.

ஆறு, ஏழு. எடுக்க மாட்டாள் என்று சொன்னேன் இல்லையா. எட்டு. வைத்துவிடட்டுமா? வைக்கக் கூடாது என்கிறீர்கள். சரி, வைக்கவில்லை. பதினொன்று வரைக்கும்...

எடுத்துவிட்டாள். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. மூச்சு வாங்குகிறது அவளுக்கு.

"அம்மாக்கு என்ன?" என்று கேட்கிறாள். அழுகிறாளா? என் நம்பரைப் பார்த்ததும் அப்படி நினைத்துவிட்டாள். நான் வேறு எதற்கும் கூப்பிட மாட்டேன் என்று நினைத்துவிட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. அம்மா நல்லா இருக்கா. நாளைக்கு வீட்டுல கரண்ட் கட்டு."

வேறு என்ன சொல்வது மேடம், வாயில் அதுதான் வந்தது.

பேச மாட்டேன் என்கிறாள். வைக்கவும் இல்லை. பின்னால் ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம், யாரோ ஒரு பையன் குரல், யார் என்று கேட்கிறான். லைனில்தான் இருக்கிறாள், மூச்சு கேட்கிறது.

எத்தனை மணிக்கு என்று கேட்கிறாள் மேடம்.

நீங்களே சொல்லிவிடுங்கள். இந்தாருங்கள் போன்.